முப்பத்தாறு கம்பியும் தொண்ணூற்று மூன்று கிலோவும்

ஜாப் கார்டில் ஊதா மையால் இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்கள்: "ரைடர் ஓவர்வெயிட்." விழுப்புரத்து சைக்கிள் ஷோரூமில் என்னை யாரும் எடை பார்க்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தார்கள், எழுதினார்கள், அவ்வளவுதான்.

பெயர் லூர்துசெல்வி. வயது நாற்பத்தாறு. திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். நடக்க முடியாதவர்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், பச்சைக் குழந்தையோடு இருப்பவர்கள், இவர்கள் வீட்டுக்கெல்லாம் காலை ஆறு மணிக்கே போய் ரத்தம் எடுத்துக்கொண்டு வருவது என் வேலை. மயிலம் ரோடு, கூட்டேரிப்பட்டு, அதைச் சுற்றியுள்ள கிராமங்கள். நான் போகிற வரைக்கும் அவர்கள் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்கக் கூடாது. அதனால் என்னை எதிர்பார்க்கிற மாதிரி அவர்கள் சொந்தப் பிள்ளைகளைக்கூட எதிர்பார்ப்பதில்லை. இந்த வேலை எனக்கு உயிர். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

லேப் முதலாளி பிரபாவதி மேடம் போன வருஷம் இரண்டு எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கினார். ஒன்று எனக்கு, இன்னொன்று என்னோடு வேலை செய்யும் ஃபஸீஹாவுக்கு. நான் சைக்கிள் கற்றுக்கொண்டதே நாற்பத்திரண்டு வயதில்தான். எங்கள் மாதா கோயில் மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே வெளியே வருகிற நேரத்தில் விழுந்தேன். "டேய், பூமி ஆடுதுடா" என்று ஒருத்தன் கத்தினான். இப்போது அவன் அம்மாவுக்கு மாதாமாதம் நான்தான் ரத்தம் எடுக்கிறேன். அந்த அம்மாவுக்கு ஊசியை மெதுவாகத்தான் குத்துகிறேன், கோபம் எல்லாம் மகன் மேல்தான்.

இந்த சைக்கிளில் பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருக்கிறது. ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்கு இருக்கும். அதிலிருந்து ரிம்முக்கு முப்பத்தாறு போக்ஸ் கம்பிகள். வண்டி வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை, முதல் கம்பி உடைந்தது. மோட்டாரை ஒட்டி, கம்பி வளைகிற இடத்தில், நறுக்கென்று. அதைச் சரிசெய்ய விழுப்புரம் கொண்டுபோனபோதுதான் அந்த ஊதா மை. இரண்டு வாரத்தில் இன்னொன்று உடைந்தது. இந்தத் தடவை நான் விழுப்புரம் போகவில்லை. கூட்டேரிப்பட்டு கூட்ரோடு சந்திப்பில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பிரான்சிஸிடம் போனேன். என் சின்னம்மா மகன்.

"இருக்கறதுலயே தடியான கம்பியா போட்டுக் குடுறா. முப்பத்தாறும் மாத்து" என்றேன்.

"எதுக்குக்கா அவ்ளோ தடியா?"

"என் உடம்பைப் பாத்தா தெரியல? கேள்வி கேக்காம போடு."

போட்டான். பதினோராம் நாள் காலை, ஐந்து வீட்டு ரத்தத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மயிலம் ரோட்டில் வரும்போது, அந்தத் தடிக் கம்பிகளில் இரண்டு ஒரே நேரத்தில் உடைந்தன. சக்கரம் கோணிக்கொண்டு பிரேக்கில் போய் மாட்டியது. பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நான்கு கிலோமீட்டர் தள்ளினேன். ஆட்டோ கிடைத்து லேப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. ரத்தம் வீணாகிவிட்டது. முனியம்மாள் என்று ஒரு பாட்டி, நரம்பே கிடைக்காது, மூன்று இடத்தில் குத்தி எடுத்த ரத்தம் அது. மறுநாள் அவரிடம் திரும்பப் போய்க் கையை நீட்டச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிரபாவதி மேடம் கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"செல்வி, உன்மேல தப்பு சொல்லல. உடம்பு ஒத்துழைக்கல, அவ்ளோதான். இந்த மாசம் முடியிற வரைக்கும் எப்படியாவது ஓட்டு. ஒண்ணாந்தேதியிலேருந்து நீ உள்ள உக்காந்து டியூப்ல லேபிள் ஒட்டு. உன் ரூட்டுக்கு வேற ஆள் பாத்துக்குறேன். ஷோரூம்ல பேசிட்டேன். வெயிட்னாலதான் உடைஞ்சுது, வண்டியில குறை இல்லன்னு நீ ஒரு கையெழுத்து போட்டா புது சக்கரம் சும்மா மாத்தித் தர்றாங்களாம்."

"போடலன்னா?"

"ரெண்டு வண்டிக்கும் வாரண்டி கிடையாதாம். ஃபஸீஹா வண்டிக்கும் சேத்து. இருபத்தொம்பதாம் தேதி சர்வீசுக்கு ரெண்டு வண்டியையும் கொண்டுபோறோம். அப்பப் போட்டுடு."

அந்தக் கையெழுத்தைப் போட்டால் அதோடு சரி. லூர்துசெல்வி சைக்கிள் ஓட்டத் தகுதி இல்லாதவள் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. நாளைக்கு எந்த லேப்பும் எனக்கு ரூட் கொடுக்காது.

அன்று மத்தியானமே சக்கரத்தை எடுத்துக்கொண்டு பிரான்சிஸ் கடைக்குப் போனேன். அவன் உடைந்த கம்பிகளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யக்கா, இதுக்கு மேல தடியா போடணும்னா ஜன்னல் கம்பிதான் போடணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சலில் பக்கத்தில் கிடந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கம்பிகளைத் தட்டிக்கொண்டே போனேன். ஒன்று டிங் என்றது. அடுத்தது டொப். அதற்கடுத்தது அதைவிட மட்டமாக ஒரு டொப். கோயில் பாடற்குழுவில் இருபத்தாறு வருஷமாகப் பாடுகிறவள் நான். பக்கத்தில் நிற்கிறவள் அரைக்கால் சுருதி இறங்கினாலும் எனக்குக் காது கூசும். இந்தச் சக்கரம் அதைவிடக் கேவலமாகப் பாடியது.

"ஏன்டா, எல்லாம் ஒரே நீளம், ஒரே கம்பி. அப்புறம் ஏன் ஆளுக்கொரு சத்தம்?"

"ஒண்ணு டைட்டு, ஒண்ணு லூசு. இந்தத் தடிக் கம்பிய முறுக்கவே முடியலக்கா. முறுக்கினா ரிம்மு வளையுது. பாதியிலயே நிறுத்திட்டேன்."

"லூசா இருந்தா இன்னா ஆவும்?"

கட்டுக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்தான். இப்படியும் அப்படியும் மடக்கினான். ஏழாவது மடக்கில் உடைந்தது.

"இதான் ஆவும். சக்கரம் ஒரு சுத்து வர்றதுக்குள்ள லூசுக் கம்பி ஒரு தபா தளரும், ஒரு தபா இழுபடும். ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு தபா அப்படி ஆட்டிக்கினே இருந்தா எந்தக் கம்பிதான் தாங்கும்? டைட்டா இருந்தா வெயிட்ட முப்பத்தாறும் பங்கு போட்டுக்கும். பழைய சன்னக் கம்பியே போதும்."

"இத்த ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? வந்து நின்னதுமே என் உடம்புக்குத் தடியா போடுன்ன. அக்கா சொல்லுதேன்னு போட்டேன். அந்த ஷோரூம் கம்பியும் லூசாத்தான் இருந்துச்சு. கை வெச்சாலே தெரிஞ்சுது."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஊதா மையில் அவர்கள் எழுதியதை அவர்களைவிட அதிகமாக நம்பியது நான்தான். சக்கரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்தே எது உடைந்தாலும், நாற்காலியோ கட்டிலோ, எல்லோரும் முதலில் என் பக்கம்தான் திரும்புவார்கள். அந்தப் பழக்கம் எனக்கே தொற்றிக்கொண்டுவிட்டது. தடிக் கம்பி போடச் சொன்னது அந்தப் புத்திதான்.

"அந்த ஃபஸீஹா வண்டிக்கும் இதே பேஜாருதான். ரெண்டு தபா உடைஞ்சு வந்து..." என்று சொல்லிவிட்டு பிரான்சிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். "யாருக்கும் சொல்லாதண்ணான்னு சொல்லிச்சுக்கா அந்தப் பொண்ணு."

ஃபஸீஹா நாற்பத்தெட்டு கிலோ. காற்று அடித்தால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் லேப்பின் பின்பக்கம் அவளைப் பிடித்தேன். மறைக்கவில்லை, அழுதாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு துபாய்லேருந்து போன் பண்ணும்போதெல்லாம் வேலைய விட்டுடுன்னுதான் சொல்றாரு. எனக்கும் உடையுதுன்னு தெரிஞ்சா மேடம் ரெண்டு வண்டியையும் திருப்பிக் குடுத்துடுவாங்க. வண்டி இல்லன்னா அதையே சாக்கா வெச்சு வீட்ல உக்கார வெச்சுடுவாங்க. அதான் நானே சரிபண்ணிக்கினேன்."

"என்னைக் குண்டுன்னு எழுதினப்ப பக்கத்துலதானடி நின்னுக்கினு இருந்த."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் நான் அவளோடு சேர்ந்து சாப்பிடவில்லை. ஆனால் மேடத்திடம் போட்டுக் கொடுக்கவும் இல்லை. வீட்டில் உட்கார வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவளைத் தள்ளிவிட்டு நான் ஏறிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

பிரான்சிஸ் பழைய அளவுக் கம்பிகளையே வாங்கி முப்பத்தாறையும் கோத்தான். ஒரேயடியாக முறுக்காமல் கால் சுற்று, கால் சுற்றாகச் சுற்றி வந்தான். நான் ஸ்குரூ டிரைவரோடு எதிரில் உட்கார்ந்தேன். வலப்பக்கக் கம்பிகளுக்கு ஒரு சுருதி, இடப்பக்கத்துக்குக் கொஞ்சம் இறங்கின சுருதி, இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தனக்குள் சேர வேண்டும். "ஏழாவது இன்னும் எறங்கிக்கினு இருக்குடா, ஏத்து." "போதும், போதும், அது கத்துது, குறை." வெறும் காதைத்தான் நம்பினோம். மாலை பூசைக்கு மணி அடிப்பதற்குள் சக்கரம் முழுக்க ஒரே குரலில் வந்துவிட்டது. கோட்டம் துளி இல்லாமல் சுற்றியது.

அதற்குப் பிறகு இருபது நாள், தினம் முப்பது கிலோமீட்டர். ஒரு கம்பி அசையவில்லை. மேடத்திடம் சொன்னேன். "பரவாயில்லையே. ஆனா எவ்ளோ நாளைக்கோ, ரிஸ்க் எடுக்க முடியாது செல்வி" என்று சொல்லிவிட்டு லேபிள் ஒட்டும் மேசையைத் துடைக்கச் சொன்னார்.

இருபத்தொன்பதாம் தேதி இரண்டு சைக்கிளையும் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போனோம். டிரைவர் பக்கத்தில் நானும் ஃபஸீஹாவும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மேடம் அவர் காரில் வந்தார். ஷோரூமில் சர்வீஸ் மேனேஜர் நெடுஞ்செழியன் காகிதத்தை டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார். முப்பது வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார்.

"வாங்கம்மா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. இங்க ஒரு கையெழுத்து."

"எத்தினி கிலோ தாங்கும் சார் இந்த வண்டி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் புக்ல இருக்கும்மா."

"நீங்க பாத்தீங்களா?"

"எழுதினதுக்கு அப்புறம் எதுக்கும்மா..."

"நான் எத்தினி கிலோன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்து, "செல்வி, வேணாம்" என்றார். அந்த வேணாமில் உண்மையான அக்கறை இருந்தது. நாலு பேர் எதிரில் என் எடை வெளியே வந்துவிடக் கூடாதே என்ற அக்கறை. அதுதான் எனக்குத் தலைக்கேறியது. என் எடை என்ன திருட்டுப் பொருளா?

ஷோரூமுக்குப் பக்கத்துக் கடை பழைய இரும்புக் கடை. வாசலிலேயே மேடைத் தராசு. பாஞ்சாலி என்ற அம்மா நடத்துகிறார், பெயர் போர்டிலேயே இருந்தது. வண்டியில் தினமும் கட்டிக்கொண்டு போகும் ரத்தப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனேன். மேனேஜர், மேடம், ஃபஸீஹா, வண்டி வாங்க வந்திருந்த ஒரு குடும்பம் எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள்.

"ஆளையெல்லாம் நிறுக்கறதில்லம்மா" என்றார் பாஞ்சாலி.

"இன்னிக்கு நிறுங்க."

தராசில் கிடந்த ஓட்டை ஃபேனை அவரே எடுத்துக் கீழே போட்டார். பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் ஏறினேன். உண்மையைச் சொல்கிறேன், புத்தகத்தில் என்ன எண் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. எண்பது என்று இருந்தால் அங்கேயே முடிந்தது என் கதை.

"தொண்ணூத்தி மூணு!" என்று பாஞ்சாலி, இரும்புக்குச் சொல்கிற அதே குரலில் கத்தினார். பெட்டியையும் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். "தொண்ணூத்தி ஏழு!"

"எழுதிக்கோங்க சார்" என்றேன். "இப்ப புக்கைத் தொறங்க."

திரும்ப ஷோரூமுக்குள் வந்தோம். புது வண்டி ஒன்றின் ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் உறைக்குள் புத்தகம் தொங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் புரட்டினார். ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார். புத்தகத்தை மூடப் போனார். வண்டி வாங்க வந்த குடும்பத்துக்காரர் எட்டிப் பார்த்துப் படித்தார்: "நூத்தி இருவது கிலோ."

இருபத்து மூன்று கிலோ மிச்சம். இத்தனை நாளும் அதே புத்தகம் என் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் உறை பிரிக்காமல் இருந்திருக்கிறது. நானும் பிரிக்கவில்லை. மேடம் தரையைப் பார்த்தார்.

நெடுஞ்செழியன் லேசில் விடுகிற ஆள் இல்லை. "சரிம்மா. ஆனா நீங்க வெளிய குடுத்துத் தடிக் கம்பி போட்டிருக்கீங்க. எங்க பார்ட் இல்ல அது. அப்பவே வாரண்டி போச்சு."

"ஆமா, போட்டேன். தப்புதான். நீங்க எழுதினத நம்பிப் போட்டேன். அதுவும் உடைஞ்சுது. ஏன் உடைஞ்சுதுன்னு கேக்க மாட்டீங்களா?"

வரிசையாக நிறுத்தியிருந்த புது வண்டிகளின் பின்சக்கரத்தைப் பேனாவால் தட்டிக்கொண்டே போனேன். டொப். டிங். டொப். டொப். கடைசியில் குட்டி யானையிலிருந்து இறக்கியிருந்த என் வண்டியைத் தட்டினேன். எல்லாம் ஒரே டிங். "கைய வெச்சுப் பாருங்க சார். உங்க கம்பி ஆடுது, என்னுது ஆடல. இருவது நாளா இதே தொண்ணூத்தி ஏழு கிலோவைத்தான் சொமக்குது." வண்டி வாங்க வந்தவர் தானே குனிந்து ஒரு கம்பியைக் கிள்ளிப் பார்த்தார். அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சத்தத்த வெச்செல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார் மேனேஜர். குரல் ஏறியிருந்தது. "இதோ, இவங்களும் அதே வண்டிதான் ஓட்டுறாங்க. அதே ரோடு. இவங்களுக்கு ஒரு கம்பி உடைஞ்சுதா? கேளுங்க. ஒல்லியா இருக்காங்க, உடையல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

எல்லோரும் ஃபஸீஹாவைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்தால் அவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளின மாதிரி ஆகிவிடும். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கும் உடைந்ததே என்று என் வாய் வரைக்கும் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். இதோடு சரி, லேபிள்தான் என்று நினைத்தேன்.

"எனக்கும் உடைஞ்சுது" என்றாள் ஃபஸீஹா.

சின்னக் குரல். திரும்பவும் சொன்னாள், இந்தத் தடவை நிமிர்ந்து.

"ரெண்டு தபா உடைஞ்சுது சார். பயந்துக்கினு சொல்லல. நான் நாப்பத்தெட்டு கிலோ. வேணும்னா அந்தத் தராசுல ஏறுறேன்."

மேடம் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மேனேஜர் கையிலிருந்த டைப் அடித்த காகிதத்தை வாங்கி நாலாகக் கிழித்தார். "அந்த ஜாப் கார்டையும் எடுங்க" என்றார். நெடுஞ்செழியன் எடுத்தார். "ரைடர் ஓவர்வெயிட்" என்பதை அடித்துவிட்டு, "கம்பி இறுக்கம் போதவில்லை, தயாரிப்புக் குறை" என்று அவரே எழுதி, அவரே கையெழுத்துப் போட்டார். கம்பெனிக்கு அனுப்புவதாகவும் ஃபஸீஹா வண்டிக்குப் புது சக்கரம் வரும் என்றும் சொன்னார். வந்தாலும் அதை முதலில் பிரான்சிஸிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்று நான் அவள் காதில் சொன்னேன். வண்டி வாங்க வந்த குடும்பம் வாங்காமலே போய்விட்டது.

வாசலில் டிரைவர் சைக்கிள்களைக் குட்டி யானையில் ஏற்ற ஆரம்பித்தார். மேடம் என் தோளில் கை வைத்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. நல்லவர்தான், இல்லை என்று சொல்லவில்லை.

"சாரி செல்வி. ரூட் உனக்குத்தான், யாருக்கும் குடுக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. நீயும் கொஞ்சம் உடம்பக் குறைக்கப் பாரு. வண்டிக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

தராசில் ஏறி, புத்தகத்தைத் திறந்து, இத்தனையும் நடந்து முடிந்து இன்னும் ஐந்து நிமிஷம் ஆகவில்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. டிரைவர் தூக்கப் போன என் சைக்கிளை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே நிறுத்தி, பெட்டியைப் பின்னால் கட்டினேன்.

"என்னடி பண்ற? திண்டிவனம் நாப்பது கிலோமீட்டர்" என்றார் மேடம்.

"தெரியும் மேடம். ஒண்ணாந்தேதி காலையில ஆறு மணிக்கு மயிலம் ரோட்டுல ஏழு பேரு வெறும் வயித்தோட என்னை எதிர்பாத்துக்கினு இருப்பாங்க. தொண்ணூத்தி மூணு கிலோவும் போவும். அதுல ஒரு கிலோவக்கூட வீட்ல விட்டுட்டு வர மாட்டேன்."

சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன்.